வட்டத்துக்குள் வந்த கை

ஆரணியில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் சொல்வது ஒன்றுதான். "அட, பட்டு நெய்கிற ஊரா? நெசவும் கோடிங்கும் ஒண்ணுதானே!" இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஒன்றல்ல. எங்கள் வீட்டுப் பின்பக்கம் இரண்டு தறி ஓடுகிறது. இரண்டும் பவர்லூம். பவர்லூம் என்றதும் சிலருக்கு முகம் சுருங்கும், சுருங்கட்டும். அந்தச் சத்தத்தில் பிறந்து அந்தச் சத்தத்திலேயே பரீட்சைக்குப் படித்தவள் நான். ஆனாலும் ஒரு இழை அறுந்தால் அம்மாவைத்தான் கூப்பிடுவேன். எனக்குத் தறியும் தெரியாது, தறியைப் பற்றி உருகிப் பேசவும் தெரியாது. வெப் பக்கத்தைக் கையால் எழுதக் கற்றுக்கொண்டது ஒரு புடவையின் பார்டரால். கையால்தான் எழுதுவேன் என்று வீட்டாரோடு மல்லுக்கு நின்றது என் மகளால். அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் விவரம்.

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் தவழ்ந்துகொண்டிருந்த வயதில் அவளைத் தூக்கிக்கொண்டு நான் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். கல்யாணம் கோர்ட்டில் முடிந்தது. ஏன் என்று இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் எனக்குத் தெரிந்ததைவிட அதிகமாகவே சொல்வார்கள். அப்பா முன்னமே போய்விட்டார். வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பையன்கள். அந்தக் கூட்டத்தில் நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்தோம்.

அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறான். ஃப்ளெக்ஸ் பேனர், கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, அதோடு ஒரு மணி நேரத்தில் வெப்சைட். "சும்மா வூட்ல குந்திகினு இருந்தா மனசு கெட்டுப்பூடும். கடைக்கு வா" என்றான். போனேன். வெப்சைட் வேலை என் தலையில் விழுந்தது. வேலை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு தளத்தில் விதவிதமான டெம்ப்ளேட்டுகள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, படப் பெட்டியை இழுத்து இங்கே போடு, எழுத்துப் பெட்டியை இழுத்து அங்கே போடு, போன் நம்பரை அடி, முடிந்தது. நானும் முதலில் அதில் மயங்கினேன். பொய் சொல்வானேன்? ஒரு காபி ஆறுவதற்குள் ஒரு கடைக்கு முகம் வந்துவிடும். பல் டாக்டர், பாத்திரக்கடை, டிரைவிங் ஸ்கூல் என்று வந்தவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தான் போனார்கள்.

வந்தார் ஒரு பட்டுப்புடவைக் கடை முதலாளி. அவர் கடைக்கு அண்ணன் ரொம்ப நவீனமான டெம்ப்ளேட் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தான். படங்கள் எல்லாம் வட்ட வட்டமாக வரும். நான் புடவைப் படங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மா இது, வளையல் கடையா?"

"டிசைன்ங்க. இப்ப எல்லாம் இப்படித்தான் வருது."

"பார்டர் எங்க? முந்தி எங்க? பார்டர வெட்டிட்டு காட்டுனா இது பொடவையா, ஜாக்கெட் பிட்டா?"

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. படத்தின் நடுவை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரத்தை எல்லாம் அந்த வட்டம் தின்றுவிட்டது. வட்டத்தை விட்டுச் சதுரத்துக்கு மாற்றினேன். சதுரமும் தின்றது. படம் எந்த அளவில் இருந்தாலும் சட்டத்துக்குப் பொருந்தும்படி அதுவே ஓரங்களை வெட்டிவிடும். வேண்டாம் என்று சொல்ல அந்தத் தளத்தில் பட்டன் கிடையாது. புடவைக்கு மரியாதையே ஓரத்தில்தான். அந்த டெம்ப்ளேட்டை எங்கேயோ உட்கார்ந்து செய்தவருக்கு ஓரம் என்றால் வெட்டித் தள்ளும் இடம். அண்ணன் சமாதானமாக, "பார்டர மட்டும் தனியா போட்டோ எடுத்து இன்னொரு வட்டத்துல போட்டுரலாம்ங்க" என்றான். முதலாளி தலையை ஆட்டிவிட்டுப் போனார். சம்மதித்த ஆட்டல் இல்லை அது. எனக்கு மனசு ஆறவே இல்லை.

அது ஆடி மாதம். கல்யாணம் இல்லை, பத்திரிகை இல்லை, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் மதியம் அந்தப் பக்கத்தின் மேல் மவுஸை வைத்து வலது பக்கம் அழுத்தியபோது, பக்கத்தின் மூலத்தைப் பார் என்று ஒரு வரி இருந்தது. அதுவரை எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அன்று அழுத்தினேன். குபீரென்று எழுத்துகள் கொட்டின. ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குப்பைக்கு நடுவில் நான் அடித்த கடைப்பெயர் தமிழில் உட்கார்ந்திருந்தது. ஆக, எல்லாமே எழுத்துதான், யாரோ எழுதியதுதான், அப்படியானால் நானும் எழுதலாம் என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்தபோது எனக்கு ஒரு திமிரே வந்துவிட்டது.

இலவசமாகப் பாடம் சொல்லித்தரும் தளங்களைத் தேடிப் பிடித்தேன். நோட்பேடைத் திறந்து எச்.டி.எம்.எல். எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் "ஆரணி" என்று மட்டும் அடித்துத் திறந்து பார்த்தால் என்னென்னவோ கிறுக்கல் வந்தது. எந்த எழுத்து முறை என்று மேலே ஒரு வரியில் சொல்ல வேண்டுமாம், நான் சொல்லவில்லை. அதைச் சேர்த்த பிறகுதான் ஊர்ப்பெயர் ஒழுங்காக வந்தது. இன்னொரு நாள் தடித்த எழுத்தைத் திறந்துவிட்டு மூட மறந்தேன், பக்கம் முழுவதும் தடித்துப்போய் யாரோ கத்துவதுபோல் நின்றது. அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? இழுத்துப் போட்டா ஜல்தியா முடியுது." நான் தப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். தேடினால் கிடைத்தது. அதுதான் எனக்குப் பிடித்துப்போனது. அந்த இழுத்துப்போடும் தளத்தில் ஏதாவது கோணலாக வந்தால் ஏன் என்று யாரையும் கேட்க முடியாது. இதில் கோணல் என்னுடையது, நிமிர்த்துவதும் நான்தான். அதற்கு முந்தைய வருஷங்களில் என் வாழ்க்கையில் வந்த கோணல்கள் எதையும் அப்படித் தேடிக் கண்டுபிடித்து நிமிர்த்த எனக்கு வாய்க்கவில்லை.

படத்தை வெட்டாதே, முழுசாகக் காட்டு என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். அது தெரிந்த அன்று நான் கடையில் தனியாகக் கை தட்டினேன். முதலாளியின் புடவைகளை எல்லாம் மறுபடி போட்டு, முந்தியும் பார்டரும் முழுசாகத் தெரிய ஒரு பக்கம் எழுதினேன். பார்த்தவர், "இப்பதாம்மா பொடவ" என்றார். உடனே, "மேலருந்து பூ கொட்டற மாரி வைக்க முடியாதா?" என்றும் கேட்டார்.

"முடியும்ங்க. ஆனா வைக்க மாட்டேன். போளூர் தாண்டி உள்ளே இருக்கறவங்க போன்ல சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். பூ கொட்டி முடியறதுக்குள்ள அவங்க வேற கடைக்குப் போயிடுவாங்க."

அவர் போன பிறகு அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டான். கஸ்டமர் கேட்டால் கொட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே என்றான். அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நான் வாரக்கணக்கில் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் பல கடைகளுக்கு முடித்துக் கொடுத்திருந்தான். அந்தச் சம்பாத்தியத்தில்தான் நானும் என் மகளும் சாப்பிட்டோம்.

"நம்ம வூட்ல ஓடறது பவர்லூமு. நீ மட்டும் கையாலதான் செய்வேன்னு குந்திகினு கீற."

"பவர்லூம் பார்டர வெட்டறதில்லண்ணா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு ஒப்பந்தம். அவசரக்காரர்களுக்கு அவன் இழுத்துப் போடுவான், பொறுமைக்காரர்களுக்கு நான் எழுதுவேன். பொறுமைக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். பரவாயில்லை என்று இருந்தேன்.

இதற்கு நடுவில் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். "கொழந்த இருக்கறத மொதல்லயே சொல்லணும்." அம்மா, "சொல்லாம இருப்பமா? நேர்ல வர்றப்ப பக்குவமா சொல்லிக்கலாம்" என்றாள். அந்தப் பக்குவமா என்ற வார்த்தையில் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முன்பெல்லாம் ஜாதகத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித் தரகர் கையில் கொடுப்பார்கள். இப்போது தரகரே, "லிங்க் இருந்தா அனுப்புங்க" என்கிறார். அண்ணன் மணமகள் என்ற பெயரில் இருந்த ஒரு டெம்ப்ளேட்டை எடுத்து எனக்கு ஒரு பக்கம் செய்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "நாலு மூலையிலயும் மஞ்சள் வை" என்றாளாம். அவன் மஞ்சள் பொட்டு ஒன்றை இழுத்து இழுத்து நாலு மூலையிலும் போட்டிருக்கிறான். நட்சத்திரம், உயரம், நிறம், சொந்த வீடு, தறி இரண்டு என்று கட்டம் கட்டமாக எல்லாம் இருந்தது. மேலே வட்டத்துக்குள் என் படம். சித்தி மகன் கல்யாணத்தில் எடுத்தது. எங்கள் தறியில் நெய்த அரக்குப் புடவை கட்டியிருந்தேன். எனக்குக் காட்டாமலே தரகருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் படத்தில் என் மகளும் இருந்தாள். என் இடது பக்கம் கீழ் மூலையில் நின்றுகொண்டு, என் முந்தியைப் பிடித்து இழுத்தபடி, விழுந்த பல் இடைவெளி தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளை வெட்டவில்லை. சத்தியம் செய்து சொன்னான், நான் நம்புகிறேன். படத்தை இழுத்துப் போட்டான், அவ்வளவுதான். புடவை பார்டரைத் தின்ற அதே வட்டம் என் மகளையும் தின்றது. மூலைக்கு மஞ்சள் வைத்தார்கள், மூலையில் இருந்த குழந்தையைப் பார்க்கவில்லை. வெட்டுப்பட்டதைப் பார்த்த பிறகு, அப்படியே இருக்கட்டும் என்று விட்டார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனால் இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது. என் மகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் தட்டில் இருப்பதை விட்டுவிட்டு என் அம்மாவின் தட்டில் கை போடுவாள். மீன் துண்டோ அப்பளமோ, கேட்பதெல்லாம் கிடையாது. "இவ ஆயாவ பட்டினி போட்டே கொல்லுவா" என்று அம்மா சொல்லிக்கொண்டே அவள் பக்கம் தட்டைத் தள்ளி வைப்பாள். அன்றும் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் போன் அடித்தது. தறிச் சத்தத்தில் இருந்து இருந்து அம்மாவுக்குக் காது மந்தம். எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில்தான் போடுவாள். அதனால் எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது.

பேசியவர் ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து. மாப்பிள்ளையின் அம்மா. புடவை வாங்கி விற்கும் குடும்பம்.

"பொண்ணு போட்டோ பாத்தங்க. லட்சணமா இருக்குது. பொடவ உங்க தறியிலதுங்களா?"

"ஆமாங்க, நம்ம வூட்லதான்" என்றாள் அம்மா. முகமெல்லாம் பூரிப்பு.

"அதான் பார்டர் எப்டி வுழுந்திருக்குதுன்னு பெருசு பண்ணிப் பாத்துகினு இருந்தன். முந்திய ஒரு சின்னக் கை புடிச்சிகினு கீது பாருங்க, மருதாணி வச்சிகினு. யார் வூட்டு கொழந்தைங்க அது?"

எங்கள் பக்கத்து ஆள்களால் மட்டும்தான் இது முடியும். வேறு ஊர் மாமியாராக இருந்தால் முகத்தைப் பெரிதாக்கி மூக்கு சரியா பல் சரியா என்று பார்த்திருப்பார். இவர் பார்டரைப் பெரிதாக்கிப் பார்த்தார். வட்டம் முழுசாகத் தின்று முடிக்காமல் ஒரு கையை மிச்சம் வைத்திருந்தது.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "எங்க பையனோட பொண்ணுங்க. அத்தைய வுட்டு நகரவே மாட்டா."

அண்ணனுக்குப் பெண் குழந்தை கிடையாது. அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். என் மகளின் கை அம்மாவின் தட்டுக்கு மேல் அப்படியே நின்றது. அவள் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருதாணி எப்போதோ அழிந்துபோயிருந்தது. எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டாள்.

போனை வைத்ததும் நான் வீடே அதிரக் கத்தினேன். "அத்தையா? நான் அவளுக்கு அத்தையா?" அம்மாவும் கத்தினாள். "எனக்கு மட்டும் வயிறு எரியலையா? நான் கண்ண மூடிட்டா உனக்கு யாரு கீறாங்க? உங்கண்ணன் பசங்க வளந்துட்டா இந்த வூட்ல உனக்கு ஒரு மூலையாவது வுடுவாங்களா? மொதல்ல ஒருத்தன் வரட்டும். வந்தப்புறம் கொழந்தையப் பாத்தா அவனுக்கும் மனசு எளகும்." அவள் பயம் பொய்யில்லை. அது எனக்கும் உள்ள பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு விலையாக என் மகளைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

சாயங்காலம் அம்மா முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். மகள் போய் எதிரில் நின்று, "ஆயா, ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். விருந்தாளி வீட்டுக்குப் போனால் எப்படிக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேனோ அப்படியே கேட்டாள். அம்மா தட்டையே நீட்டினாள். மகள் ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ் ஆயா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தேங்க்ஸைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. கொலைவெறி வந்தது.

மறுநாள் கடையில் அண்ணன் சமாதானத்துக்கு வந்தான். "வுடு, நான் பாப்பாவ சேத்துடறேன்" என்று டெம்ப்ளேட்டில் ஒரு புதுப் பெட்டியை இழுத்துப் போட்டு, மகள், மூன்றாம் வகுப்பு என்று அடித்து, என் படத்துக்கு வலது பக்கம் வைத்தான். கம்ப்யூட்டரில் பார்க்க நன்றாகவே இருந்தது. "போன்ல காட்டு" என்றேன். மாப்பிள்ளை வீட்டார் எவரும் கம்ப்யூட்டரில் பார்ப்பதில்லை, எல்லாரும் போனில்தான். போனில் அகலம் போதாது என்பதால் அந்தத் தளம் பெட்டிகளைத் தானாகவே ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிவிடும். என் படம், நட்சத்திரம், உயரம், நிறம், அண்ணன் தொழில், சொந்த வீடு, தறி இரண்டு. விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனேன். தறிக்கும் கீழே, கடைசியில், என் மகள்.

"தறிக்கு அப்புறமாவா என் பொண்ணு?"

"அது தானா அப்டிதான் அடுக்கிக்கும். நான் இன்னா செய்யறது?"

மேலே இழுத்தான். என் படம் கீழே போனது. படத்தை இழுத்தான். வேறு ஏதோ நகர்ந்தது. வட்டத்தைப் பெரிதாக்கினான், மகளின் முழங்கை வரை வந்தது, முகம் வரவில்லை. பாவம், அவன் மெய்யாலுமே முயற்சி செய்தான். கடைசியில் மவுஸை விட்டுவிட்டு, "இதுல அவ்ளோதான் வரும்மா" என்றான்.

"என்னோடதுல வரும்" என்று சொல்லி நோட்பேடைத் திறந்தேன்.

வெற்றுப் பக்கம். அதில் எனக்காக யாரும் கட்டம் போட்டு வைத்திருக்கவில்லை. முதல் வரியாக இதை எழுதினேன். "எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் எங்கே போனாலும் அவளும் வருவாள்." அதன் கீழே அந்தப் படம், வெட்டாமல், நாலு மூலையும் தெரிய. அவள் இழுத்த இழுப்பில் என் தோளில் குத்தியிருந்த சேஃப்டி பின் புடவையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுகூடத் தெரிந்தது. அதற்குப் பிறகு என்னைப் பற்றி எழுதினேன். வெப் பக்கம் எழுதுவது என் தொழில், கல்யாணத்துக்குப் பிறகும் எழுதுவேன். முதல் கல்யாணம் கோர்ட்டில் முடிந்தது. சமையல் சுமார், கோபம் கொஞ்சம் அதிகம். நட்சத்திரத்தை அம்மாவுக்காகச் சேர்த்தேன். நிறம் என்று எதுவும் எழுதவில்லை, படத்தில் இருக்கிற நிறம்தான். போனில் பார்த்தாலும் கம்ப்யூட்டரில் பார்த்தாலும் மகள்தான் முதலில். அப்படித்தான் எழுதியிருந்தேன், அதனால் அப்படித்தான் நின்றது.

திருட்டுத்தனமாக அனுப்ப எனக்கு விருப்பமில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் காட்டினேன். "சேத்துப்பட்டு அம்மாவுக்கு இத அனுப்பப் போறேன். உன் போன்ல நம்பர் எடுத்துக்கறேன்." அம்மா போனை வாங்கி, தூரத்தில் வைத்தும் பக்கத்தில் வைத்தும் முதல் வரியைப் படித்தாள். கிழித்துப்போட முடியாத பொருள் என்பதால் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள் என்று நினைத்தேன்.

"நாலு மூலையில மஞ்சள் வச்சியா?" என்றாள்.

"இல்ல."

"வை. அப்புறம் அனுப்பு."

உட்கார்ந்து மூலைக்கு ஒன்றாக மஞ்சள் எழுதினேன். எழுத வேண்டியது நாலே வரி. அந்த நாலு வரியில் நான் அம்மாவோடு சண்டை போடவில்லை. அனுப்பினேன்.

அடுத்த நாளே சேத்துப்பட்டு அம்மா நேராக எனக்குப் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. "எனக்கு அந்தக் கையப் பாத்தப்பவே தெரியும்மா. அத்த பொடவைய எந்தக் கொழந்தையும் அப்டி இழுக்காது. பின்னு தெறிச்சிடற மாரி இழுத்துகினு இருக்குது, நீ சிரிச்சிகினு நிக்கற. அம்மாவாத்தான் இருக்கணும். உங்கம்மா இன்னா சொல்றாங்கன்னு பாக்கத்தான் கேட்டேன்."

அவரே தொடர்ந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா எம் பையன் கொழந்த வேணாங்கறான். வாழப்போறவன் அவன், நான் இன்னா சொல்றது?"

"அவரு இப்பவே சொன்னது நல்லதாப் போச்சுங்க" என்றேன். உபசாரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணன் கேட்டான், "பாத்தியா?" பார்த்தேன் என்றேன். "என் பக்கத்தப் பாத்துட்டு ஒரே நாள்ல வேணாம்னு போயிட்டாரு. உன் பக்கத்தப் பாத்துட்டு வந்திருந்தாருன்னா தாலி கட்டினப்புறம் வேணாம்னு சொல்லியிருப்பாரு. எது ஜல்தி, நீயே சொல்லு." அவன் ஃப்ளெக்ஸ் மெஷினைப் போட்டான். அந்தச் சத்தத்தில் என்ன சொன்னாலும் கேட்காது, அவனுக்கு அது வசதி.

தரகருக்கும் அந்தப் பக்கத்தையே அனுப்பினேன், பார்த்துவிட்டுப் பேசினார். நல்ல மனிதர்தான். "கொழந்தைய எடுக்கச் சொல்லலம்மா. அந்த வரியக் கொஞ்சம் கீழ எறக்குங்க. படிச்சிகினே வர்றவங்க கடைசில பாத்தா அவ்ளோ ஷாக்கா இருக்காது."

"என் பக்கத்துல எதுவும் தானா கீழ எறங்காதுங்க. நான்தான் எறக்கணும். எறக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு வரன் குறைந்துதான் போனது. குறையட்டும். இழுத்துப் போட்டால் சுலபம், கையால் எழுதினால் உசத்தி என்று நான் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. பாத்திரக்கடைக்கு அண்ணனின் டெம்ப்ளேட் போதும், இன்றும் அவன்தான் செய்கிறான். ஆனால் எதை மேலே வைப்பது, எதை வெட்டுவது என்று முன்பின் தெரியாத ஒருவர் எனக்காக முடிவு செய்து வைத்திருக்கும் பெட்டிக்குள் என் வீட்டு மனிதர்களை வைக்க முடியாது. புடவையையே வைக்க முடியவில்லை.

மகள் மட்டும் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தாள். "ஆயா, எடுத்துக்கட்டுமா?" ஒவ்வொரு முறையும் அம்மாவின் முகம் வாடும். "எடுத்துக்கடி, கேக்கணுமா?" என்பாள். அடுத்த முறையும் மகள் கேட்பாள். பழையபடி இரு என்று மகளிடம் நான் சொல்லவில்லை. அது அவர்கள் இருவருக்கும் உள்ள கணக்கு.

தை மாதத்தில் போளூரில் ஒரு கல்யாணம். பந்தியில் அம்மா, அவளுக்கு அந்தப் பக்கம் என் மகள், இந்தப் பக்கம் நான். எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள், தூரத்துச் சொந்தம், மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு அம்மாவிடம் கேட்டார். "யாருங்க இது? பையனோட பொண்ணா?"

பதிலை அவரே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளும் தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

"இல்லங்க" என்றாள் அம்மா. "எம் பொண்ணோட பொண்ணு."

"அப்படிங்களா! மாப்ள இன்னா பண்றாரு?"

"மாப்ள இல்ல. அத்துகினு வந்துட்டா. இப்ப பாத்துகினு இருக்கறோம். உங்களுக்குத் தெரிஞ்ச எடம் இருந்தா சொல்லுங்க, லிங்க் அனுப்பறேன். எம் பொண்ணு கையால எழுதுனது. மொத வரியே இவதான்."

அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் குரல் எப்போதும் உயரத்தில்தான் இருக்கும். பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. சாம்பார் வாளியோடு வந்தவர்கூட நின்றுவிட்டார். அம்மா எதையும் கவனிக்காமல், தன் இலைக்குச் சாம்பார் ஊற்றச் சொல்லி அவரைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

மகள் கையை நீட்டி, தன் ஆயாவின் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து ஒரு கடி கடித்தாள். எடுத்துக்கட்டுமா என்று கேட்கவில்லை.